முத்துவேலுக்குப் பாஸ்போர்ட் இல்லையாம்

முத்துவேலுக்கு வந்த வாழ்வைச் சர்க்கார் திருடுகிறது.

மலாயாவில் ஒரு கிளப் சம்பளம் கொடுத்துப் பந்தாட அவனைக் கூப்பிட்டிருக்கிறது. நம் கொட்டகலைத் தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்த எவனுக்கும் இதுவரை வராத அழைப்பு. இந்த மாதமே கப்பலேற வேண்டும்.

இன்று பாஸ்போர்ட் வாங்க அவனோடு நானும் நுவரெலியாவுக்குப் போனேன்.

ஆபீஸில் அதிகாரி அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "நேத்து ரெண்டு கோல் அடிச்சது நீதானே! கொழும்புக்காரனுங்களை நாம என்னா அடி அடிச்சோம்!"

முத்துவேல் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட் கேட்டான்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "அது இந்த நாட்டு ஆளுக்குத்தான். நீ இந்தியாக்காரன்."

"இந்தியாவை நான் பார்த்ததே இல்லீங்க. சரி, அப்படியாவது எழுதிக் குடுங்க."

"அதை இந்தியா சொல்லணும்."

"அவங்க என்னைச் சிலோன்காரன்னு சொல்லிட்டாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வெளிநாடெல்லாம் எதுக்கு தம்பி? அடுத்த மேட்ச் எப்ப?"

வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். முத்துவேல் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான் எந்த நாட்டுக்காரன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் போவேன்."

அவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். பதில் தெரிந்தவர்கள் சீக்கிரம் வந்து சொல்லுங்கள்.