தேயிலைக்குள் வைத்த புள்ளிகள்

வரைபடத்தில் புள்ளியை நகர்த்தினால் வீடும் கூடவே நகர்ந்துவிடும் என்று நம்பிய முட்டாள் நான். அதுவும் சின்ன வயதில் இல்லை. முடி நரைத்து, மூக்குக்கண்ணாடி தடித்த பிறகு. படம் எடுக்கும் வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே படிக்கட்டும்.

ஹட்டனில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு போன் வந்ததும் மாப்பிள்ளைகள் தங்கள் கல்யாணத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஒரு வீட்டுத் திட்டத்துக்காக, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைப் படம் பிடிக்கும் வேலை கிடைத்தது. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா; மண்சரிவு ஆபத்து உள்ள காம்பராக்களை எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அது எடுக்கப்பட்ட இடத்தின் ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, சேர்க்க வேண்டும். என் கெமரா பழையது, இடம் சொல்லத் தெரியாது. ஆகவே போனில் ஜி.பி.எஸ். ஓடவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து, படம் எடுத்த நேரத்தையும் போன் நடந்த பாதையையும் கம்ப்யூட்டரில் பொருத்தினால், படங்கள் வரைபடத்தில் தாமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் முறை அதைப் பார்த்தபோது கைதட்டினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரே கூரை

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டம். அதன் மேல் பிரிவான மேற்கணக்கில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். முன்பக்கம் ஒரு வரிசை, பின்பக்கம் ஒரு வரிசை, நடுவில் ஒரே சுவர். பின்பக்கத்தில் மண்மேட்டை ஒட்டி சரோஜாவின் காம்பரா. கொழுந்து எடுக்கிறவள், புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. பக்கச் சுவரில் கைவிரல் நுழைகிற வெடிப்பு.

"மழ பேஞ்சா புள்ளைகள தூக்கிக்கிட்டு முன்னுக்கு உள்ளவங்க இஸ்தோப்புத் திண்ணைக்குப் போயிருவோம்ணே," என்றாள். "அவங்களும் எத்தன நாளைக்குத்தான் சிரிச்ச மொகமா இருப்பாங்க?"

"கவலப்படாத தங்கச்சி. ஒன் வீடு இப்ப சாட்டலைட்டுக்கே தெரியும்," என்றேன். அப்படிப் பேசுவது எனக்குச் சுலபம்.

படங்களை அனுப்பினேன். சில நாளில் கொழும்பு ஆபீஸ் பிரியா மிஸ் போன் பண்ணினார்.

"அண்ணா, ஒரே வீட்ட ஏன் இத்தன தரம் எடுத்திருக்கீங்க? டூப்ளிகேட் எல்லாத்தையும் சிஸ்டம் தூக்கிருச்சு."

"மிஸ், அது ஒரே வீடு இல்ல. ஒரே கூரை."

"பத்து மீட்டருக்குள்ள ரெண்டு வீடா?"

"ரெண்டுன்னா நாங்க பணக்காரங்க மிஸ். ஆறு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நெருக்கமாக விழும் புள்ளிகளைச் சிஸ்டம் ஒரே வீடாக எடுத்துக்கொள்ளுமாம். மொத்த லயத்திலும் அது மிச்சம் வைத்தது முன்பக்கத்துக் கோடிக் காம்பராவை. அந்த வீட்டு மகள் கல்யாணத்துக்காகப் புதிதாகப் பெயின்ட் அடித்த காம்பரா அது. ஆபத்து ஒன்றும் தெரியவில்லை என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள்.

"புள்ளி தனித்தனியா இருந்தா எடுத்துக்கும். இதுல என்னால ஒண்ணும் செய்ய ஏலாது," என்று வைத்துவிட்டார்.

தனித்தனியாக வேண்டும், அவ்வளவுதானே? வரைபடத்தைத் திறந்தேன். படங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, கல்யாணப் பந்தியில் இலை போடுகிற மாதிரி இடைவெளி விட்டு வைத்தேன். லயத்தைச் சுற்றி இருப்பது தேயிலை மலைதானே? புள்ளிகள் எல்லாம் தேயிலைக்குள் போய் உட்கார்ந்தன. சிஸ்டம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சரோஜாவுக்குப் போன் பண்ணி, "ஒன் பேரு ஏறிருச்சு!" என்று பெருமையாகச் சொன்னேன்.

கே கோ?

பரிசோதனைக்கு ஒரு சிங்கள அதிகாரி வந்தார். நல்ல மனிதர், வரும்போது எனக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். வழிகாட்ட நான்தான் போனேன். லயத்துப் பக்கம் திரும்பினேன். அவரோ போனைப் பார்த்தபடி தேயிலைக்குள் இறங்கினார். அட்டை கடித்தது, அதைத் தட்டிவிட்டுக்கொண்டே நடந்தார். இடுப்பளவு செடிகளுக்கு நடுவில் நின்று கேட்டார்:

"கே கோ?"

வீடு எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"அந்தா தெரியுது பாருங்க சேர், அந்தத் தகரக் கூரை."

"எனக்குங் தெரியுது. ஆனா சிஸ்டத்துல வீடு இங்க. நான் இங்க நின்னுதான் போட்டோ எடுக்கணும்," என்றார் தன் சிங்கள வாடைத் தமிழில்.

"சேர், புள்ளிய நான்தான் தள்ளி வச்சேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அத எழுதினா ஒங்கட வேலையுங் போகுங், இவங்கட பேருங் போகுங். எழுதாட்டி, இங்க வீடு இல்லன்னு பேரு மட்டுந்தான் போகுங்."

எழுதச் சொல்லியிருக்கலாம். எழுதினாலும் சரோஜா பேர் போகத்தான் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. எப்போதும் மூடாத வாய் அது.

அவர் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று தேயிலைச் செடியைப் படம் எடுத்தார். அவர் போன் புதியது, ஆயங்கள் அச்சொட்டாக விழுந்தன. இன்றும் சரோஜாவின் வீடு என்று கொழும்பு ஆபீஸில் இருப்பது, கொழுந்து முற்றிய ஒரு தேயிலைச் செடியின் மிகத் தெளிவான படம்.

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். கம்ப்யூட்டர் கேட்கிறது என்பதற்காகப் புள்ளியை நகர்த்தாதீர்கள். ஒட்டியிருக்கிறதை ஒட்டியே காட்டுங்கள். ஏற்கவில்லை என்றால் ஏற்கிற வரைக்கும் சத்தம் போடுங்கள். சத்தம் போட்டால் வீடு கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. யார் மறுத்தார்கள் என்றாவது தெரிந்திருக்கும். என் விஷயத்தில் மறுத்தது யாருமே இல்லை. நான் உட்பட எல்லோரும் நல்லவர்களாகவே இருந்துவிட்டோம்.

மழைக்காலம் தொடங்கியதும் மேற்கணக்குக்கு ஏறிப்போய் சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னேன். வெடிப்பில் சாக்குத் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இடையில் ஒரு பகிடி விட்டேன். அதற்கும் திரும்பவில்லை.

"அடுத்த தடவ பேரு எடுக்கும்போது சரியா அனுப்புறேன் தங்கச்சி. இப்பவே புதுசா ஒரு படம் எடுத்துக்கவா?"

"செவரு விழுந்த பொறகு வந்து எடுங்க."