கலாதேவியின் வேன் சாவி

புந்தோங் முச்சந்தி வந்தால் கலாதேவி ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொள்வாள். பொத்தினால்தான் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் ஒன்றாக வரும். கையை எடுத்தால் அதன் தலைமேல் இன்னொன்று ஏறிக்கொண்டு வரும். பின்னால் வேன் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு இது தெரியாது.

சும்மா இருக்கத் தெரியாத பிறவி. சிவப்பு விளக்கில் வேன் நிற்கும், அவள் நிற்க மாட்டாள். ஸ்டியரிங்கைத் தட்டுவாள், கண்ணாடியைத் துடைப்பாள், "ஷர்வின், கைய வெளிய நீட்டாத லா" என்று திரும்பாமலே அதட்டுவாள். நோவு வந்து கண் பிதுங்கிய பிறகு அந்த அதட்டலுக்கு மவுசு கூடிவிட்டது. "அக்கா முறைக்கிறாங்க" என்று வேனே அடங்கிப்போகும். பாவம், அவள் எங்கே முறைத்தாள்? இமைதான் இறங்க மறுக்கிறது.

கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கிருமியோடு சண்டை போடவேண்டிய உடம்பின் காவல்படை, கண்ணை அசைக்கும் தசைகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். தசை வீங்கிக் கண் சரியாகத் திரும்பாததால்தான் ஒன்று இரண்டாகத் தெரிகிறதாம்.

"அப்ப என் வீட்டு வாசலைக் காக்கிற ஜாகாவே என்னைத் திருடின்னு அடிக்கிறான்" என்றாள் கலாதேவி. குணமாகும்வரை வேனைத் தொடக்கூடாது என்று அவர் சொன்னதும், வேன் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

தங்கை ஷர்மினிக்கும் வேன் ஓட்ட லைசென்ஸ் உண்டு. ஆனால் சாவி அக்காள் இடுப்பை விட்டு இறங்கினால்தானே? "நீ கியர் மாத்துனா வேன் அழுவுது" என்பாள். உண்மையில் அவளுக்குப் பயம். வேனும் போய்விட்டால் இந்தக் கையையும் காலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தூரத்தில் இருப்பதுதான் இரண்டாகத் தெரிகிறது, கிட்டத்தில் இருப்பது ஒன்றாகத்தான் தெரிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓட்டினாள்.

கண் நோவுக்கு மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டுதல். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, தங்கையோடு கோயிலுக்குப் போனாள். வாசலில் பூசைச் சாமான் கடை போட்டிருக்கும் சீனி அண்ணன், கண்மலரை வெற்றிலையில் வைத்து அவள் தட்டில் வைத்தார்.

"ஏன் அண்ணே ரெண்டு ஜோடி? ஒன்னு போதும் லா."

"ஒன்னுதாம்மா வச்சேன்."

கலாதேவி கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஒரு ஜோடிதான். கையை எடுத்தாள். கிட்டத்தில், கைத்தட்டிலேயே இரண்டு. காலையில் முச்சந்தியில் குறுக்கே வந்த லாரியும், பின்சீட்டில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வர, அவள் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

சன்னிதியில் தட்டைக் கொடுக்கும்போது இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கண்மலர் பக்கத்தில் வைத்தாள். பூசை முடிந்து, சாவியோடு தட்டு திரும்பி வந்தது. கலாதேவி விபூதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டைத் தங்கை பக்கம் நகர்த்தினாள்.