பத்தொன்பது அங்குல இருக்கை

"நான் எம்புட்டு கனம் இருக்கேன்லே?" என்று கெசியா அத்தை ஒரு கார் ஷோரூமில் வைத்து என்னிடம் கேட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. பள்ளிக்கூடம், கோயில், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் யாராவது தூக்கிப் போக வேண்டும். "தூக்குதவங்க மூச்சு வாங்குத சத்தத்த வச்சே என் கனத்தத் தெரிஞ்சுக்கிடுவேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

முப்பத்தெட்டாவது வயதில் கியர் இல்லாத சின்ன கார் ஒன்று வாங்கினாள். பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தாஜ் முகம்மது அண்ணாச்சி, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையால் இயக்க ஒரு கம்பி பொருத்திக் கொடுத்தார். கார் இருக்கையும் அவளுடைய சக்கர நாற்காலியும் ஒரே உயரம், பத்தொன்பது அங்குலம். அண்ணாச்சி இழைத்துத் தந்த பலகையை இரண்டுக்கும் நடுவில் போட்டு, கையை ஊன்றி நகர்ந்து, அத்தை தானாகவே உள்ளே போய்விடுவாள். பிறகு நாற்காலியை மடக்கி இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

"முத நாளு ரவுண்டானாவ ஏழு தடவ சுத்துனா உங்க அத்த. எனக்குத் தல கிறுகிறுத்துப் போச்சு" என்பார் அண்ணாச்சி.

"நாப்பது வருசத்துக்குச் சேத்துச் சுத்துனேன் அண்ணாச்சி" என்பாள் அத்தை.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பதினோரு வருடம் தனியாகவே போய்வந்தாள். சில சனிக்கிழமைகளில் மணிமுத்தாறு வரை போய், காரைவிட்டு இறங்காமலே அணையைப் பார்த்தபடி முறுக்கு தின்றுவிட்டுத் திரும்புவாள். யாரையும் கூட வரச் சொல்ல மாட்டாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கார் கூரைவரை முங்கியது. "இது இனி ஓடாது தாயி. நாள் கடத்தாம அதே வண்டியப் புதுசாச் சொல்லி வையி" என்றார் அண்ணாச்சி.

அடுத்து வந்த புத்தாண்டு ஆராதனையில் எல்லோரும் வாக்குத்தத்தச் சீட்டு, அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதிய சீட்டு, எடுத்தோம். அத்தைக்கு, பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது. எங்கள் வீட்டில் சீட்டை பீரோ கண்ணாடியில் ஒட்டிவிட்டு வருடம் முழுக்க அதன்படி நடப்போம். "ஈஸ்டர் கழியட்டும்லே ஜாஸ்பர், காத்திருன்னு வந்திருக்கு" என்றாள். நானும் சரி என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செய்தி வந்தது. அந்த நிறுவனம் சின்ன கார்களை நிறுத்திவிட்டது. இனி உயரமான வண்டிகள் மட்டும்தான். கடைகளில் மிச்சம் இருந்தவையும் விற்றுப்போயிருந்தன. வேறு நிறுவனங்களின் கார்களை அளவு நாடாவோடு போய்ப் பார்த்தோம். இருக்கை சரியாக இருந்தால் கியர் இருந்தது. கியர் இல்லாவிட்டால் கதவிடுக்கில் பலகை நுழையவில்லை.

கடைசியில் முதல் காரை வாங்கிய ஷோரூமுக்கே போனோம். "மேல உக்காந்தா ரோடே தெளிவாத் தெரியும் மேடம். இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க" என்றான் விற்பனைப் பையன். அவன் காட்டிய உயரமான வண்டியின் இருக்கை இருபத்தேழு அங்குலம். பலகை சறுக்குமரம் மாதிரி சாய்ந்து நின்றது. அத்தை இரண்டு முறை ஏறப் பார்த்து, இரண்டு முறையும் சறுக்கி நாற்காலிக்கே வந்தாள். அந்தப் பையன் நல்ல எண்ணத்தில்தான் அவள் தோளுக்கடியில் கை கொடுத்தான். "தம்பி, நீங்க காலப் பிடிங்க" என்றான் என்னிடம்.

"வேண்டாம்லே" என்றாள் அத்தை. அதைக் கேட்காமல் நான் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

உட்கார்ந்ததும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அத்தை ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஜூனில் வேலையை விட்டுவிட்டாள். தினமும் ஆட்டோவில் ஏற்றி இறக்கிவிடுகிறேன் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "போதும்லே, நீ சுமந்தது" என்றாள். சீட்டு இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. அதைக் கிழிக்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கார் செய்கிற யார் காதிலாவது விழட்டும். கியர் இல்லாமல், பத்தொன்பது அங்குல இருக்கையோடு பழைய வண்டி யாரிடமாவது இருந்தால் பேட்டையில் தாஜ் முகம்மது அண்ணாச்சி பட்டறைக்குத் தகவல் கொடுங்கள். பலகை அங்கேதான் இருக்கிறது.