பதினோரு மணிக்கு நிற்கும் இணையம்

என் வேலை, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் காப்பீட்டுப் பில்களைச் சரிபார்ப்பது. கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் காரைக்கால் பக்கம் பட்டினச்சேரியில், எங்கள் வீட்டின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் காலை பதினோரு மணிக்கு எங்கள் குழுவில் உள்ள ஒன்பது பேரும் வீடியோவில் கூடிப் பேச வேண்டும். மற்ற நேரங்களில் நெட் கொஞ்சம் இழுத்தாலும் சமாளித்துவிடலாம். போன வருஷம் சித்திரையில், சரியாக அந்தப் பதினோரு மணிக்குத்தான் அது இழுக்க ஆரம்பித்தது.

முதல் நாள் என் முகம் திரையில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. இரண்டாம் நாள் கூட்டத்திலிருந்தே வெளியே தள்ளியது. ஒரு வாரம் இப்படியே போனதும் குழுத்தலைவி தனியாக போன் செய்தார்.

"நான் கோபப்படல. நீங்க பேசுறதுல பாதிதான் கேக்குது. மேல இருக்கிறவங்க கவனிச்சுட்டாங்க. இப்படியே இருந்தா ஆபீஸுக்கு வந்து வேலை பாக்கச் சொல்லிடுவாங்க."

சென்னைக்குப் போவது எங்கள் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. என் கணவர் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் திரும்ப ஐந்தாறு நாள் ஆகும். வீட்டில் மாமனாரும் நானும்தான். அவரும் கடலுக்குப் போனவர். மூன்று வருஷத்துக்கு முன் படகில் ஐஸ் ஏற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, பிளேட் வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருவார். அங்கே தகர ஷீட் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மதியம் வரை உட்கார்ந்திருப்பார். மாமியார் காலமாகிவிட்டார். நான் ஊரை விட்டுப் போனால் மாமனாருக்கு ஒரு வாய் சோறு போட ஆள் கிடையாது.

அது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் கணவர் வீட்டில் இருந்தார். ரவுட்டரைக் காட்டி, "இது வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சுங்க. புதுசு மாத்திடலாம்" என்றேன்.

"இரு. படகு இழுக்கலன்னா எடுத்த எடுப்புல இன்ஜினையா மாத்துறோம்? டேங்குலேர்ந்து பாத்துகிட்டு வரணும். டீசல் வருதா, பில்டர் அடைச்சிருக்கா, பைப்புல காத்து ஏறியிருக்கான்னு பாத்து, எல்லாம் சரின்னாதான் இன்ஜின்ல கை வைக்கணும்" என்றார்.

சொன்னபடியே செய்தார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். மடங்கவில்லை. ரவுட்டருக்குக் கரண்ட் போகும் பிளக்கின் முள்ளில் பச்சை பூத்திருந்தது. எங்கள் பக்கம் உப்புக் காற்றில் எதுவும் தப்பாது. அதைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். டிவிக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்துச் சுவரில் உயரமாக ஆணி அடித்து மாட்டினார். பின்னறையில் சிக்னல் ஒரு கோடு அதிகமாகக் கிடைத்தது. நானும் நம்பிக்கையோடு கூட்டத்தில் உட்கார்ந்தேன். பதினொன்று பத்துக்கு என் முகம் மறுபடி நின்றது.

இணைப்புக் கொடுத்த கம்பெனியின் லைன்மேனை வரவழைத்தோம். ஐம்பது வயதுக்காரர், நெடுங்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். சின்ன மீட்டர் ஒன்றை ஒயரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்குதுங்க. அப்ப பெட்டிதான். பழசு, மாத்திடுங்க" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒப்புதல் இல்லை.

மறுநாள் அவரே ஒரு சோதனை வைத்தார். என் லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து, ஒயரால் நேராக இணைக்கச் சொன்னார். காலை ஆறு மணிக்கு ஒரு முறை வேகம் பார்த்தோம், எட்டுக்கு ஒரு முறை, பத்துக்கு ஒரு முறை, பதினொன்றுக்கு ஒரு முறை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். காலையில் கம்பெனி சொன்ன வேகம் முழுசாக வந்தது. பத்து மணிக்குப் பாதியானது. பதினொன்றுக்கு, ஒயர் போட்டும்கூட, சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதே நேரத்தில் எதிர் வரிசையில் அதே கம்பெனி நெட் வைத்திருக்கும் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அங்கே ஒரு குறையும் இல்லை.

"டீசல் வருது. பைப்பும் சரி. இன்ஜின் காலையில நல்லாத்தான் ஓடுது" என்று தாளைப் பார்த்தபடி சொன்னார். "அப்ப நடுவுல வேற யாரோ எடுக்குறாங்க."

லைன்மேனுக்கு போன் போட்டு, ரவுட்டரில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு டிவியையும் சேர்த்து நான்குதான். மற்றதெல்லாம் போன் கம்பெனிகளின் பெயர்கள். ஒன்றில் மட்டும் எங்கள் ஊர்ப் படகு ஒன்றின் பெயரே இருந்தது. அதைப் பார்த்ததும் என் கணவர் சிரித்துவிட்டார்.

கதவைத் திறந்து வாசலை எட்டிப் பார்த்தேன். கூட்டம் நடக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அதனால் அந்த நேரத்தில் வாசலில் என்ன நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. தகர ஷீட்டுக்குக் கீழே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்குப் போகாத காலம், கிழிந்த வலையைப் பொத்துகிற வேலையை இங்கேயே கொண்டுவந்துவிட்டார்கள். பாதிப் பேர் மடியில் வலை, மீதிப் பேர் கையில் போன். வெளியே போய்வரும் என் கணவர், மாமனாரோடு பேச வருகிறவர்கள் என்றே நினைத்திருந்தார். நடுவில் மாமனார், யாரோ காட்டிய வீடியோவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாக, மீன் விற்று முடித்த கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த தெரு அக்கா துபாயில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள். சுவருக்குச் சுவர் நெருக்கம். வாசலுக்கு வராதவர்களும் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்திருக்க வேண்டும்.

எங்கள் பாஸ்வேர்டு, மாமனார் ஓட்டிய பழைய படகின் பதிவு எண். அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அப்போதே அவரிடம் பேசியிருக்க வேண்டும். நான் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து என் கணவர் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போயிருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அவர் போனிலும் இரவில் நானே புதியதைப் போட்டுவைத்தேன். அன்றைக்குக் கூட்டம் கண்ணாடி மாதிரி தெளிவாக நடந்தது. குழுத்தலைவி எல்லோர் முன்னாலும், "இப்ப சூப்பரா இருக்கு" என்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மாமனார் கேட்டார்.

"ஏம்மா, நெட்டு இல்லையாமே?"

"பெட்டி ரிப்பேரு மாமா. ஆள் வரணும்" என்றேன்.

எனக்கே தெரியாமல் வாய் சொல்லிவிட்டது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. காலையிலேயே யோசித்து வைத்திருந்த பதில்தான் அது.

அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒருவர் வந்து, சிறிது நேரம் பேசிவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு யாரும் வரவில்லை. மாமனார் வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தார். தெருவில் யாராவது போனால் நிமிர்ந்தார். பத்து மணிக்கெல்லாம், "உள்ள கொண்டு போய் விடும்மா, படுக்கிறேன்" என்றார். வைத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள், பதினோரு மணிக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் முறை முடிந்திருந்தது. மைக்கை அணைத்துவிட்டு, அடுப்பில் வைத்த குழம்பைப் பார்க்க எழுந்து போனேன். கொல்லைக் கதவருகே மீன்கார அக்கா நின்றாள்.

"பெட்டி சரியாயிடுச்சாம்மா?"

"இன்னும் இல்லக்கா."

"மவளுக்கு எட்டு மாசம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குன்னா. முகத்தைப் பாத்தா மனசுக்குத் தேவலையா இருக்கும். என் போன்ல நெட்டுக் கார்டு போட்டா காலையிலேயே தீந்துருது. அதான் கேட்டேன்."

அந்த நேரம் பார்த்துப் பின்னறையிலிருந்து ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அதைத் தொடர்ந்து குழுத்தலைவியின் குரல், துளி தடங்கல் இல்லாமல், என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டது. அக்கா அறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓடுதா" என்றாள். கேள்வி மாதிரிகூட இல்லை. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் போய் மைக்கைப் போட்டுக் கேட்டதற்குப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. குழம்பு அடிபிடித்துவிட்டது.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"உள்ளதைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? ஒரு மணி நேரம் சும்மா இருங்கன்னா இருக்கமாட்டாங்களா?"

"மாமாகிட்ட அதை எப்படிங்க சொல்றது?"

"பொய்யை மட்டும் எப்படிச் சொன்ன?"



இரண்டு பேரும் மாமனார் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். நான்தான் சொன்னேன். ரிப்பேர் இல்லை, நான்தான் மாற்றினேன், வேலை போய்விடும் என்ற பயத்தில் மாற்றினேன் என்று. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"கேட்டாங்க, சொன்னேன். வாசலுக்கு வந்தவங்க தண்ணி கேட்டா கொடுக்கிறதில்லையா? அந்த மாதிரின்னு நெனச்சேன். அது குறையுற சாமான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு, "அவங்க நெட்டுக்குத்தான் வந்தாங்கன்னு எனக்கும் தெரியும். வந்தாங்கல்ல" என்றார்.

மறுநாள் லைன்மேனிடம் பேசினேன். வேலைக்கு ஒரு பாதை, வாசலுக்கு ஒரு பாதை என்று பிரித்து, வாசல் பாதைக்கு ஓர் அளவு வைக்க முடியுமா என்று கேட்டேன். "உங்க பழைய பெட்டியில அந்த வசதி கிடையாதுங்க. புதுசுல இருக்குது" என்றார். ஆக, பழசில் ஒரு பழுதும் இல்லாமலேயே புது ரவுட்டர் வாங்க முடிவு செய்தோம். காரைக்கால் டவுனில் கம்ப்யூட்டர் கடையில் கேட்டபோது கடைக்காரர், "வீட்டுக்கு விருந்தாளி அடிக்கடி வருவாங்களா?" என்றார். "தினமும்" என்றார் என் கணவர்.

புதியதை மாட்டி, இரண்டாகப் பிரித்து, வாசலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தோம். அந்தப் பங்குக்கு என்ன பாஸ்வேர்டு வைப்பது என்று மாமனாரிடமே கேட்டேன். யோசித்து ஒரு புது எண் சொன்னார். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பதையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று மாலையே வாக்கரோடு தெருமுனை வரை நடந்தார். விழுந்த பிறகு அவ்வளவு தூரம் அவர் போனது அதுதான் முதல் தடவை. வழியில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆட்கள் திரும்ப வந்தார்கள், எல்லோரும் இல்லை. ஒருவர் இதற்குள் தன் வீட்டுக்கே நெட் இழுத்துவிட்டார். இன்னொருவருக்குக் கோபம், எங்கள் வாசலைத் தாண்டும்போது கடல் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். பதினொன்று அடித்ததும் மாமனாரின் குரல் பின்னறை வரை கேட்கும். "ஏய், படம் பாக்குறதை நிறுத்துங்கப்பா. பேசுறவங்க மட்டும் பேசுங்க." அந்த அதட்டல் கூட்டத்தில் இருக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் கேட்டுவிடுகிறது. முதலில் யார் அது என்று கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை.

மீன்கார அக்கா வீட்டுக்கு நானே போனேன். செய்ததைச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "வேலையிருந்தா சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன அடிச்சா புடுங்கப் போறேன்?" என்றாள். மூன்றாம் நாள் வந்து பழைய இடத்தில், சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். பிறந்த பேத்தியின் முகத்தை எங்கள் வாசலில் இருந்துதான் பார்த்தாள். வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் போனைத் திருப்பிக் காட்டினாள் என்று மாமனார் சொன்னார். எனக்குக் கூட்டம் இருந்தது. முன்பெல்லாம் போகிற போக்கில் கொல்லைப் பக்கம் வந்து, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். இப்போது மாமனாரிடம் பேசிவிட்டு அப்படியே போய்விடுகிறாள்.