பெருமாள் முன் மயங்கி விழுந்த குடும்பம்

எங்கள் குடும்பத்து ஆண்கள் பெருமாள் முன்னால் நின்றால் மயங்கி விழுவார்கள். அப்பா விழுந்தார். அப்பாவுக்குப் பிறகு அண்ணா விழுந்தான். நான் விழுந்ததே இல்லை. "சின்னவனுக்கு பக்தி போறாது" என்று அம்மா உறவுக்காரர்களிடம் என்னைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வாள். கணக்கு வராத பிள்ளைகளைப் பற்றி மற்ற அம்மாக்கள் பேசுகிற அதே குரல்.

மற்ற ஊரில் இதற்கு மயக்கம் என்று பெயர். சோடா வாங்கிக் கொடுத்து பெஞ்சில் படுக்கவைப்பார்கள். ஸ்ரீரங்கத்தில், அதுவும் சித்திரை வீதியில், இதற்கு மோஹித்தல் என்று பெயர். எம்பெருமானின் அழகில் நெஞ்சு உருகி நினைவு தப்பிப்போவது. சேவை வரிசையில் நெடுநேரம் நின்று, சந்நிதி வாசலை எட்டும்போது அப்பா அப்படியே சரிவார். இரண்டு பேர் தாங்கிக்கொள்வார்கள். ஒருவர் தீர்த்தம் தெளிப்பார். எங்கிருந்தோ ஒரு மாமி வந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கண் விழித்ததும் அப்பாவுக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு உள்ளங்கால் எரியும். வயிறு ஒரு நாளும் சொன்னபடி கேட்காது. வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தார். கால் எரிச்சலுக்குப் பித்தம், வயிற்றுக்கு வாயு, இளைத்ததற்கு ஏகாதசி என்று வீட்டில் காரணங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தோம். கடைசியில் இருதயம் நின்றதற்கு வயசு. எல்லாம் ஒரே ஆளுக்குத்தானே வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்ல வேண்டும். அப்போது நான் வாழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. வாழைக்கு வரும் முடிக்கொத்து நோயில் ஆராய்ச்சி. இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றுவிடும், தார் தள்ளாது. நோயைக் கொண்டுவரும் வைரஸின் மரபணுக்களைச் செயலிழக்கவைக்க முடியுமா என்று பார்ப்பது என் பிழைப்பு. உறவுக்காரர்களுக்கு நான் வாழை வைத்தியன். கல்யாண வீட்டில் இலை கிழிந்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

செயலிழக்கவைப்பதற்கான கருவி சிறிய ஆர்.என்.ஏ. மரபணு நேரடியாக எந்த வேலையும் செய்யாது. கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். உத்தரவைப் படித்து செல் புரதம் செய்யும். இருபது சொச்சம் எழுத்து நீளமே உள்ள இந்தச் சிறிய ஆர்.என்.ஏ., தனக்குப் பொருந்துகிற உத்தரவை வழியிலேயே பிடித்து, செல்லின் கத்தரிக்கோலிடம் கொடுத்துவிடும். மரபணு அழியாது. பேசிக்கொண்டேதான் இருக்கும். பேசுவது போய்ச் சேராது, அவ்வளவுதான். இதை நான் வகுப்பில் சொல்லும்போது, கல்யாணமான மாணவர்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

அண்ணாவுக்கு ஒரே பெண். சென்னையில் வேலை. வரன் தேடிக் களைத்துப்போன சமயத்தில் ஒரு குடும்பம் ஸ்ரீரங்கத்துக்கு சேவிக்க வந்தது. ஜாதகம் சுமாராகத்தான் பொருந்தியிருந்தது. அண்ணாதான் அவர்களை சந்நிதிக்கு அழைத்துப்போனான். கூட்டம் அதிகம், நெடுநேரம் நின்றார்கள். கருடாழ்வாரைத் தாண்டியதும் அண்ணா மோஹித்து விழுந்தான். பிள்ளையின் அப்பா அங்கேயே கண்கலங்கி, "இப்படிப்பட்ட ஆத்துலேர்ந்து பொண் எடுக்க நாங்க கொடுத்துவெச்சிருக்கணும்" என்றார். ஜாதகத்தை மறுபடி யாரும் பிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே சம்பந்தம் பேசி முடிந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு மதியம், வகுப்புக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். வாழையில் நாங்கள் செய்கிற அதே வித்தையை மனிதர்களுக்கு மருந்தாக்கியிருக்கிறார்கள். ஈரல் ஒரு புரதத்தைத் தப்பாகச் செய்கிறது, அது போய் நரம்பிலும் இருதயத்திலும் படிகிறது, பரம்பரை வியாதி. ஊசியில் போகும் சிறிய ஆர்.என்.ஏ. ஈரலில் அந்த உத்தரவைக் கத்தரிக்கிறது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டே அறிகுறிகளுக்கு வந்தேன். உள்ளங்கால் எரிச்சல், மரத்துப்போதல். வயிற்றுக் கோளாறு. எடை குறைதல். நெடுநேரம் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். பிறகு இருதயம்.

கையில் பாதி வடை இருந்தது. அதை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

கல்லூரி இருக்கும் மன்னார்புரத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகிற வரைக்கும், எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். அண்ணா ஈஸிசேரில் இருந்தான். காலில் கட்டு. வெந்நீரில் காலை வைத்தானாம், சூடே தெரியவில்லையாம், மன்னி வந்து பார்த்துத்தான் தோல் வெந்திருப்பது தெரிந்ததாம். மன்னி காபி கலக்க உள்ளே போனதும் ஒத்திகையை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"அந்த ஊசி போட்டா ஜீன் செத்துடுமா?" என்று கேட்டான்.

"சாகாதுண்ணா. கத்திண்டேதான் இருக்கும். யார் காதுலயும் விழாது."

"நம்மாத்துல உன்னை மாதிரி."

"அதே."

சிரித்தான். கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். "மயக்கம் பெருமாளை சேவிக்கறச்சதானேடா வரது?"

"நின்னா வரும். ரேஷன் கடையில நின்னாலும் வரும்."

"ரேஷன் கடையில நான் எங்க நின்னேன்? உன் மன்னின்னா நிப்பா." பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன், எந்த வாதத்திலும் ஓட்டை கண்டுபிடிப்பான். நானும் சிரித்தேன். அப்புறம் தணிந்த குரலில் கேட்டான்: "அப்போ அப்பாவுக்கு?"

நான் குனிந்து அவன் கால் கட்டின் நுனியைச் செருகினேன்.

"அப்பாவுக்கு வந்ததும் ஈரல் கோளாறுதானா? சொல்லேன்டா. அந்த மாமிகள்லாம் கண்ல ஒத்திண்டது ஈரலையா?"

எனக்கு உலகத்து மரபணு முழுவதையும் வாயடைக்கத் தெரியும். இந்தக் கேள்வியை அடைக்கத் தெரியவில்லை. மன்னி காபியோடு வந்தாள், பேச்சை மாற்றினோம்.

ஒருவழியாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதித்தான். துணைக்கு நானும் கொடுத்தேன். அண்ணாவுக்கு இருந்தது. எனக்கு இல்லை. எனக்கு பக்தி போறாது என்று அம்மா சொன்னதை லேப் எழுத்துமூலமாகவே உறுதிசெய்துவிட்டது. எங்கள் கல்லூரியில் என் முடிவுகளை யாரும் இவ்வளவு தெளிவாக நிரூபித்ததில்லை.

மருந்து எங்கள் எல்லாரையும் விற்றாலும் வாங்க முடியாத ரகம். ஆனால் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனை வழியாக, மருந்துக் கம்பெனியே சிலருக்கு இலவசமாகக் கொடுக்கிற ஏற்பாடு ஒன்று இருந்தது. எழுதிக் கேட்டேன். வரச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: நோயாளி ஒரு கைத்தடி துணையோடாவது நடக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. மருந்து மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கும், போன நரம்பைத் திருப்பித் தராது. அண்ணா அப்போது தடியில்லாமலே நடந்துகொண்டிருந்தான், கொஞ்சம் தள்ளாடி.

"கல்யாணம் முடியட்டும்" என்றான்.

"அண்ணா, கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கும். உனக்கு மாசா மாசம் நடை குறைஞ்சுண்டே வரது."

"நான் மோஹிச்சதைப் பார்த்துட்டுப் பொண்ணு கேட்டவாடா. அவாகிட்ட போய், அது வியாதி, பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வரலாம்னு சொல்லவா? நான் ஆஸ்பத்திரிக்குப் போனா ஏன்னு கேப்பா. கேட்டா எனக்குப் பொய் வராது. போகலைன்னா கேக்கவே மாட்டா."

மன்னியிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்து சத்தியம் வாங்கிக்கொண்டான். பெண்ணிடம் மூச்சு விடக் கூடாது. அப்பாவுக்குக் கால் எரிந்ததைப் பித்தம் என்று மூடிவைத்த வீடு, பேர் தெரிந்த பிறகும் மூடிவைத்தது. ஒரு மரபணுவைப் பற்றி ஒரு குடும்பமே பேசாமல் இருந்தால் அது அடங்கிவிடும் என்று விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணியில் மண்டபம் கிடைக்கவில்லை. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் பிள்ளையை ஆபீஸில் வெளிநாடு அனுப்பினார்கள். கார்த்திகையில் அவன் திரும்பவில்லை. மார்கழியைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு மாதமும் நான் பாலத்தைத் தாண்டிப் போய் அண்ணாவின் நடையைப் பார்த்துவிட்டு வருவேன். ஐப்பசியில் தடி வந்தது. மார்கழியில் தடியோடு மன்னியின் தோளும் வேண்டியிருந்தது. மன்னி என்னைத் தனியாக மடக்கினாள். "நீ என்னமோ மறைக்கறே. வாழைக்கு வந்தா மாத்திரம் உடனே கண்டுபிடிச்சுடறே" என்றாள். சத்தியம் செய்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

தையில் கல்யாணம். கன்னிகாதானத்துக்கு அண்ணாவை இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண்ணை அப்பாவின் மடியில் உட்காரவைத்தார்கள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது, எல்லாரும் அட்சதை போட்டார்கள். சம்பந்தி, கண்ணீரோடு இருந்த அண்ணாவைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டி, "பார்த்தேளா, என்ன உருக்கம்" என்றார்.

அன்று மதியம் பந்தி ஓய்ந்த பிறகு அண்ணா என்னைக் கூப்பிட்டான்.

"அவ மடியில உக்காந்தாளோன்னோ?"

"ஆமா."

"எனக்குத் தெரியவே இல்லைடா. பார்த்துத்தான் தெரிஞ்சுண்டேன். கொஞ்சம் கனம்கூடத் தெரியலை." தொடையைத் தட்டிக் காட்டினான், கதவைத் தட்டுவது போல. நான் பாயசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

சத்தியத்தை அன்றே அவன் வாபஸ் வாங்கினான். மன்னியிடம் சொன்னோம். அவள் அழவில்லை, பெட்டியில் துணி எடுத்துவைக்க ஆரம்பித்தாள். திருச்சி ஜங்ஷனில் சக்கர நாற்காலி வைத்து ஏற்றினோம். அந்த வெளியூர் ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் மாப்பிள்ளை வயசுப் பெண். கனிவாகப் பேசினாள், நிறைய நேரம் கொடுத்தாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருதயச் சுவர் தடித்துவிட்டதாம். நடை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். கார்த்திகையில் வந்திருந்தால்கூட, என்று ஆரம்பித்தவள், அண்ணாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ மண்டபம் கிடைக்கலை" என்றான் அண்ணா. அவளுக்கு விளங்கவில்லை. மாதத்தைத் தப்பாகச் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது, திருத்தவில்லை.

வீடு திரும்பியதும் சம்பந்திக்குத் தானே போன் பண்ணுவேன் என்றான். பெண்ணுக்கும் பரிசோதனை பண்ண வேண்டும், அதை அவர்களுக்குத் தெரியாமல் பண்ணக் கூடாது, கேட்டால் கேட்கட்டும். ஸ்பீக்கரில் போட்டான். நெடுநாள் பூட்டியிருந்த அறையைத் திறக்கிற மாதிரி, தடுக்கித் தடுக்கிச் சொன்னான். "நான் சந்நிதியில விழுந்தது பக்தியால இல்லை. ஒரு வியாதி. எங்கப்பாவுக்கும் அதேதான். நீங்க நினைச்ச மாதிரி நான் பெரிய பாகவதன்லாம் இல்லை."

அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியின் குரல் தழுதழுத்து வந்தது. "இதுதான் ஸ்வாமி நைச்யம். உசந்தவாதான் தன்னை இப்படித் தாழ்த்திப் பேசிப்பா. அடியேன் உங்களை நமஸ்காரம் பண்றேன்."

"இல்லை ஸ்வாமி, நிஜமாவே ரத்தத்துல..."

"போறும் போறும். இதுக்கு மேல சொல்லிண்டேள்னா எனக்கு அபசாரம்."

வைத்துவிட்டார். பெரிய பக்தர்கள் தங்களைப் பாவி என்றும் நீசன் என்றும் சொல்லிக்கொள்வது எங்கள் சம்பிரதாயம். அதனால் எங்களில் ஒருவன் தனக்கு வியாதி என்று உள்ளபடியே சொன்னால், நம்ப ஆள் கிடையாது. அண்ணா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எப்படிடா அவருக்குப் புரியவைக்கிறது?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடிக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஆனால் அந்தப் பக்கமும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்கள். பெண் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அந்த வாரமே மாப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். "சித்தப்பா, எந்த லேப்னு மாத்திரம் சொல்லு. கதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன்."

அவளுக்கு இருந்தது.

முடிவை அவளே அண்ணாவிடம் சொன்னாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். இப்போது ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் பார்ப்பார்கள், முதல் அறிகுறி தெரிந்ததுமே ஊசியை ஆரம்பிப்பார்கள்.

அண்ணா அவள் கையைத் தேடினான். "கால்ல லேசா எரிஞ்சாலும் போயிடு. நல்ல நாள் பார்க்காதே. யார் கல்யாணத்துக்காகவும் காத்துண்டிருக்காதே."

"சரிப்பா."

"என்னைத் திட்டேன்டி. ஏன் சொல்லலைன்னு கேளேன்."

"திட்டறதுக்கு என்ன அவசரம்? நீ எழுந்து நன்னா உக்காரு, சாவகாசமா திட்டறேன்" என்று தலையணையைச் சரிசெய்தாள்.

பங்குனியில் அண்ணா போய்விட்டான், உட்கார்ந்தபடியே, மன்னி சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது. பெண் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். யாரோடும் பேசவில்லை. அவன் காலடியில் போய் உட்கார்ந்து, அந்த மரத்த பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிவரை அவனைத் திட்டவே இல்லை.