பொனற்றில் வைத்த பொட்டு

ஜேர்மனியின் ஹம் நகருக்கு வந்த புதிதில் அப்பா வாங்கிய கார் அது. எஞ்சின் மூடியான பொனற்றின் முன் ஓரத்தில் பெயின்ற் ஒரு கொப்புளம் போல வீங்கியிருக்கும். சிறுமியாக இருந்தபோது, அப்பா கடைக்குப் போய் வரும்வரை அதை விரலால் தடவிக்கொண்டு நிற்பேன்.

அவர் காலமான பிறகு, அந்தக் காரை நானே திருத்தத் தொடங்கினேன். பொனற்றை வெறும் தகடாகும்வரை தேய்த்தேன். கொப்புளத்தின் அடியில் துரு இருந்தது. அதையும் சுரண்டி எடுத்துவிட்டு, துருவைத் தடுக்கும் பிரைமரைக் காலையில் அடிக்கலாமென்று விட்டுவிட்டேன்.

காலையில் கராஜைத் திறந்தால், பளபளத்த தகட்டில் செம்மஞ்சளாக ஒரு துரு வட்டம். அதே இடத்தில்!

"அம்மா, இதிலை ஏதும் வைச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நல்ல காரியமெண்டு சந்தனம் குழைச்சு ஒரு பொட்டு வைச்சனான். முந்தி அப்பா பொனற்றுக்குப் பெயின்ற் அடிக்கேக்கையும் வைச்சனான். துடைச்சுப்போட்டு அடியுங்கோ எண்டு சொன்னன். மனம் வரேல்லையெண்டு அதுக்கு மேலையே அடிச்சுப்போட்டார்."

ஈரச் சந்தனம் வெறும் இரும்பைச் சும்மா விடுமா? கவனிக்காமல் நானும் பிரைமர் அடித்திருந்தால் மறுபடி கொப்புளம்தான். அழுதுகொண்டே தேய்த்தேன்.

இப்போது தகட்டைத் தேய்த்த கையோடு பிரைமர் அடித்துவிடுகிறேன். அம்மாவின் பொட்டு முன் கண்ணாடிக்கு மாறிவிட்டது. பொனற் வழுவழுவென்று இருக்கிறது. அம்மா கடைக்குப் போய் வரும்வரை காரருகே நிற்கும்போது, என் விரல் இன்னும் அந்தக் கொப்புளத்தைத் தேடுகிறது.

— ஒரு வாசகி, ஜேர்மனி