மேலே-கீழே அத்தான்

என் அக்காவைக் கட்டியவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேலே-கீழே. லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் வரவேற்பு மேசையில் உட்காரும் பல் மருத்துவமனைக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. வாய் ஓயாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் அக்காவின் காதில் ஏதாவது முணுமுணுப்பார். அவள் கிள்ளிய பிறகுதான் அடங்குவார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்வார், கூட்டாளி உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். பெட்டியை நகர்த்துமுன் கூட்டாளி "இருக்கியா?" என்று குரல் கொடுக்க வேண்டும். "இருக்கேன்" என்று பதில் வந்தால்தான் விசையைத் தொடலாம். போன வருடம் ஒருநாள் கூட்டாளி குரல் கொடுக்க மறந்துவிட்டார். அத்தானும் கூரைமேல் இருக்கும் நிறுத்து விசையை அமுக்காமல் விட்டிருந்தார். பழகிய வேலை என்ற மெத்தனம்தான், வேறென்ன. பெட்டி அவரைச் சுமந்துகொண்டு விறுவிறுவென்று ஏறியது. லிஃப்ட் குழியின் உச்சி அவர் தோளை நெரித்து எலும்பை முறித்த பிறகே நின்றது.

எலும்பு கூடிவிட்டது. மனிதர்தான் தேறவில்லை. வேலைக்குத் திரும்பியவர் கதவு, பொத்தான், விளக்கு என்று வெளிவேலையாகவே பார்த்தார். கூரைமேல் கால் வைக்கப் போனால் வேர்த்துச் சட்டை நனைந்துவிடும். மாதக் கடைசிக்குள் ஏறாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அக்கா ஜெபக் குழுவை வீட்டுக்கு அழைத்தாள். வந்தவர்களில் ஒருவர், "விசுவாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது, பிரதர்" என்று தோளைத் தட்டினார், அதுவும் முறிந்த தோளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ டம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் ஓங்கியே வைத்தேன்.

அவர்கள் போனபின் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பயம் போகலை. அப்போ எனக்கு விசுவாசமே இல்லைன்னுதானே அர்த்தம்?"

அதற்குப் பிறகு அவர் சர்ச்சுக்கு வரவில்லை. வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. அக்கா அடுப்படியில் அழுவாள். நான் எதற்கென்று தெரியாமல் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன்.

மாதம் முடியும் வாரத்தில், ஒரு மதியம், எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே நான் மட்டும். விளக்கும் போய்விட்டது. ஊரையே கேலி செய்யும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவைக் குத்தினேன், பிராண்டினேன்.

யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும்; அரை மணியில் தலைக்கு மேலே மாடிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"யாரு உள்ளே?"

"நான்தான் அத்தான்."

"நீயா குட்டி? கதவைத் தொடாதே. கீழே உக்காரு."

மோட்டார் அறையிலிருந்து கூட்டாளி கத்தினார்: "பிரேக்கை விட்டுப் பாத்துட்டேன், அசையலை. பெட்டி மேல ஏதோ சிக்கியிருக்கு. நீதான் எறங்கணும்."

அப்புறம் சத்தமே இல்லை. இருட்டில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அத்தான், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பயமா இருக்கு அத்தான்."

"எனக்கும்தான். கால் வரமாட்டேங்குது."

இதைக் கேட்டு என் பயம் கூடியிருக்க வேண்டும். ஏனோ கூடவில்லை. "ஜெபம் பண்ணுங்க" என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

மேலே தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, பயமா இருக்கு. சிலுவைக்கு முந்தின ராத்திரி உமக்கும் அந்தத் தோட்டத்துல பயமா இருந்துச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. கூட வந்தவங்க தூங்கிட்டாங்க." அங்கே நிறுத்தினார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டவர் மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, "அப்போ உமக்குத் தெரியும். நான் எறங்குறேன். கூட இரும்" என்றார். ஆமென்கூடச் சொல்லவில்லை.

என் தலைக்கு மேல் ஒரு கால் விழுந்தது. பிறகு மற்றது. நிறுத்து விசையை அமுக்கும் சத்தம் கேட்டது. அவர் அழுதுகொண்டே வேலை செய்வது கூரை வழியாக எனக்குக் கேட்டது.

கூட்டாளி "இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்று அத்தான் சொன்ன பிறகே பெட்டி இறங்கியது. கதவு திறந்ததும் நான் படியேறி அடுத்த மாடிக்கு ஓடினேன். அத்தான் கூரைமேல் கம்பிவடத்தைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கை கொடுத்து வெளியே இழுத்தேன்.

"பயம் போச்சா அத்தான்?"

"எங்கே போச்சு? அப்படியேதான் இருக்கு."

வேலை தப்பியது. அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கும் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் இன்றைக்கும் கூரை வேலை உள்ள காலைகளில் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பெட்டிமேல் கால் வைக்குமுன் அந்த இருட்டுக்குள் குனிந்து, "இருக்கீரா?" என்று கேட்கிறாராம். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள்.

நானும் ஒருநாள் சீண்டினேன். "பதில் வருதா அத்தான்? பதில் வராம நகரக் கூடாதுங்கிறதுதானே உங்க தொழில் சட்டம்?"

"பதில் வந்தாத்தான்னு இருந்தா, நீ இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளதான் உக்காந்திருப்பே" என்றார். சொல்லிவிட்டு, சாப்பிடாத தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.